மூன்று வருடமாக ஆற்றைச் சுத்தம் செய்கிறோம், தண்ணீர் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது

நாணல்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆற்றுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறோம். பெரிய ஆறெல்லாம் இல்லை. மொத்த நீளமே 20 கிலோமீட்டர் சொச்சம்தான், மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடும், அப்புறம் கீழே போய் ஒரு பெரிய ஆற்றில் கலந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு இறங்கி பிளாஸ்டிக், துணி, டயர் என்று கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றுகிறோம். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. கரை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய மழைக்கும் மேலேயிருந்து மறுபடி எல்லாம் வந்து சேர்கிறது. அதைவிட என்னை உறுத்துவது தண்ணீர். மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் காவி நிறத்தில் முரட்டுத்தனமாக ஓடுகிறது, மூன்றாம் நாள் வடிந்துவிடுகிறது. கோடையில் அங்கங்கே குட்டைதான். வயதானவர்களைக் கேட்டால் கோடை முழுக்கக் கணுக்காலளவாவது ஓடும் என்கிறார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஒருவர் பொக்லைன் இயந்திரத்தை மூன்று நாளைக்கு இலவசமாகத் தருகிறேன் என்கிறார். குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பாதி, ஆற்றை ஆழப்படுத்தி, வளைவுகளை நேராக்கி, புதரையெல்லாம் எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் வரும் என்கிறது. மறுபாதி, அதெல்லாம் வேண்டாம், இரு கரையிலும் ஆயிரம் மரக்கன்று நடுவோம் என்கிறது. நான் இரண்டிலும் இல்லை. இரண்டுமே தவறோ என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது?

மண்புழு எழுதியது:

முதல் வேலையாக அந்தப் பொக்லைனை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் ஆட்களுக்குத் தூர் வாருவது என்றாலே ஒரு புனித காரியம். குளம், ஏரி, கண்மாய் என்றால் சரி, அது தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாத்திரம், வண்டல் சேர்ந்தால் அள்ளத்தான் வேண்டும். ஆறு பாத்திரம் இல்லை. ஓடுகிற ஆற்றின் அடியைத் தோண்டினால் தண்ணீர் கூடாது, வேகம்தான் கூடும். வளைவை நேராக்கினால் அதே இறக்கத்தைக் குறைந்த தூரத்தில் இறங்குகிறது, இன்னும் வேகம். பழைய நீரியல் கணக்கு ஒன்று உண்டு: ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். நீங்கள் தோண்டிய இடத்தின் மேல் முனையில் ஒரு படிக்கட்டு மாதிரி உருவாகும், அதில் தண்ணீர் விழுந்து விழுந்து அந்தப் படி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மேல்நோக்கி நகரும். பொக்லைன் மூன்று நாளில் போய்விடும், அந்தப் படி பல வருடம் வேலை செய்யும். கிளை ஓடைகளுக்குள்ளும் நுழையும்.

அதோடு ஆற்றின் அடி இறங்கினால் பக்கத்து நிலத்தடி நீரும் அதை நோக்கி இறங்கும். மணல் படுகை என்பது பஞ்சு. மழையில் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மெல்லக் கசியவிடுவது அதுதான். உங்கள் பெரியவர்கள் சொல்லும் கணுக்காலளவு தண்ணீர் வானத்திலிருந்து வந்ததில்லை, கரைக்குள்ளிருந்தும் மேட்டு நிலத்துக்குள்ளிருந்தும் கசிந்து வந்தது. பஞ்சை அள்ளிப் போட்டுவிட்டு ஈரம் எங்கே என்று தேடினால் எப்படி?

இரண்டு நாள் வெள்ளம், மூன்றாம் நாள் வறட்சி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நோய் அங்கேதான் இருக்கிறது. மேட்டில் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே வழிந்து ஓடுகிறது. காவி நிறம் அதற்குச் சாட்சி, அது மேட்டு நிலத்து மேல்மண். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். 10 ஹெக்டேர் சரிவில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 20 லட்சம் லிட்டர். அதில் பாதி அரை மணி நேரத்தில் ஓடைக்கு வந்தால் அது வெள்ளம். அதே பாதி மண்ணுக்குள் இறங்கி மூன்று மாதம் கழித்து ஊற்றாக வந்தால் அது ஆறு. பெய்த மழை அதேதான்.

அதனால் ஆற்றங்கரையை விட்டு மேலே நடங்கள். எந்த ஆற்றை எடுத்தாலும் மொத்த நீர்வழிகளின் நீளத்தில் பாதிக்கு மேல் பெயர்கூட இல்லாத சின்னச் சின்ன ஓடைகள்தான், ஒரே தாவலில் தாண்டக்கூடியவை. சீர்செய்ய முடிந்த அளவில் இருப்பதும் அவைதான், குறுக்கே சின்னச் சின்னக் கல் தடுப்புகள் அடுக்கியே அவற்றின் வேகத்தைக் குறைக்கலாம்.

மழைமானி எழுதியது:

மண்புழு சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எதையும் செய்வதற்கு முன் அளந்து வையுங்கள். நாங்கள் அளக்காமல் தொடங்கினோம். நான்கு வருடம் கழித்து "என்ன மாறியிருக்கிறது" என்று ஒருவர் கேட்டபோது காட்டுவதற்குக் குழுவாக நின்று எடுத்த படங்கள்தான் இருந்தன. எல்லாரும் கையுறை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றும் வேண்டாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடங்கள், இதுதான் முதலும் முக்கியமும். வெயிலில் நடந்தால் ஆறு எதையும் காட்டாது. மழையில் போனால் எந்தக் கிளை ஓடை கலங்கலாக வருகிறது, எது தெளிவாக வருகிறது என்பது இரண்டும் சேரும் இடத்தில் கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கம் காவி, ஒரு பக்கம் தெளிவு, நடுவில் கோடு போட்ட மாதிரி. காவி வரும் பக்கம் திரும்பி நடங்கள், அடுத்த சந்தியிலும் அப்படியே. கடைசியில் மண் வருவது ஐந்தாறு இடங்களிலிருந்துதான் என்று தெரியும். பெரும்பாலும் அது யாரும் நினைக்காத இடமாக இருக்கும். எங்களுக்கு அது ஒரு மண் சாலை.

கலங்கலை அளக்க ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி மாதிரியான குழாய் போதும், அடியில் கறுப்பு வெள்ளையாக வரைந்த வட்டு. தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்து வட்டு எந்த உயரத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் கடலில் வட்டை இறக்கிப் பார்த்த அதே யோசனைதான்.

ஆக்சிஜன் பார்ப்பதாக இருந்தால் விடிவதற்குச் சற்று முன்பு பாருங்கள். பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை வெளியிடும், அளவு நன்றாகத் தெரியும், நாமும் ஏமாந்துவிடுவோம். இரவு முழுக்க எல்லா உயிரும் சேர்ந்து இழுத்த பிறகு விடிகாலையில்தான் உண்மையான நிலை தெரியும். மீன் செத்து மிதப்பது எப்போதும் காலையில் கண்ணில் படுவது இதனால்தான். 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் பிடிக்கும், விடிகாலையில் அது 2, 3 என்று இருந்தால் மேலே எங்கோ கழிவு கலக்கிறது.

எனக்குப் பிடித்தது பூச்சி. ஒரு கல்லைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வால் வைத்து, வயிற்றோரம் செவுள் படபடக்கும் மேஃப்ளை இளம்பூச்சி இருந்தால் தண்ணீர் பரவாயில்லை. இரண்டு வால் ஸ்டோன்ஃப்ளை இருந்தால் ரொம்ப நல்லது, ஆனால் எல்லா ஆற்றிலும் இருக்காது. கல்லே இல்லாமல் சேறாக இருந்து அதில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் சேதி கெட்டது. தென்னாப்பிரிக்காவில் இதையே 13 பூச்சிக் கூட்டங்களாகச் சுருக்கி, பள்ளிப் பிள்ளைகளே மதிப்பெண் போடும் மாதிரி மினிசாஸ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மட்டும் போய் எடுத்த நீர் மாதிரி அந்த நாளைத்தான் சொல்லும். பூச்சி பல மாதமாக அங்கேயே குடியிருக்கிறது, நேற்று இரவு யாராவது எதையாவது திறந்துவிட்டிருந்தாலும் அது சொல்லிவிடும்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

மன்னிக்கவும், இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கல் அடுக்குவீர்கள், பூச்சி எண்ணுவீர்கள், மேலே ஒருத்தன் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிட்டால் எல்லாம் போச்சு. தேம்ஸ் ஆறு பிழைத்தது தன்னார்வலர்களாலா?

மழைமானி எழுதியது:

இல்லைதான். 1957-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் உயிரற்ற ஆறு என்று சொன்ன தேம்ஸ் பிழைத்தது, பெரும்பாலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தியதால். அதை எந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் செய்திருக்க முடியாது. குழாய் வழியாக வரும் அழுக்குக்குக் கல் தடுப்பு மருந்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குழாய் எங்கே இருக்கிறது, எந்தக் கிழமை எந்த நேரத்தில் திறக்கிறது என்று யார் சொல்வது? மின்கடத்துத்திறன், அதாவது தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு 100 மீட்டருக்கு ஒரு தடவை அளந்துகொண்டே நடந்தால், எண் சட்டென்று எகிறும் இடத்தில் ஏதோ கலக்கிறது என்று அர்த்தம். தேதி, நேரம், இடம், எண். இந்த நான்கோடு ஒரு வருடக் குறிப்பேடு கொண்டுபோய் மேசையில் வைத்தால் எந்த அதிகாரிக்கும் அதை ஒதுக்குவது கஷ்டம். வெறும் "நாறுகிறது" என்றால் ஒதுக்குவது சுலபம். இரண்டையும் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பழையதுடுப்பு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்தை எல்லாரும் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று வருடம் இருபது பேரை மாதாமாதம் வரவைத்திருக்கிறார் நாணல்கரை. கல் எங்கும் கிடைக்கும், இந்த இருபது பேர் கிடைப்பதுதான் அபூர்வம். குப்பை அள்ளுவதை நிறுத்தாதீர்கள், அதையே வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே வண்டல், அரிப்பு என்று வகுப்பெடுத்தால் அடுத்த மாதம் வரமாட்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. மேட்டு நிலம் யாருடையது? உங்களுடையது இல்லை, சரியா? அங்கே மாடு மேய்ப்பவருக்கும் உழுபவருக்கும் உங்கள் ஆற்றால் ஒரு லாபமும் இல்லை. வேலை மேலே, பலன் கீழே. நீர்பிடிப்புப் பகுதி வேலைகள் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

ஹரியானாவில் சுகோமஜ்ரி என்ற ஊரின் கதை இந்த விஷயத்தில் படிக்க வேண்டியது. சண்டிகரில் 1958-இல் சுக்னா ஏரியைக் கட்டினார்கள், அதில் வண்டல் நிரம்பிக்கொண்டே வந்தது. 1970-களில் மண்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார். சிவாலிக் குன்றுகளில் மொட்டையாகிப்போன சரிவுகள், கீழே சுகோமஜ்ரி மாதிரி ஊர்கள், ஊராரின் மாடும் ஆடும் அந்தச் சரிவுகளில். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள், கல் தடுப்பு, மரக்கன்று. ஊராருக்கு அதில் என்ன இருக்கிறது? மேய்ச்சல் தொடர்ந்தது. அப்புறம் மழைநீரைத் தேக்கும் சின்ன மண் அணைகள் கட்டி அந்தத் தண்ணீரை ஊராருக்கே பாசனத்துக்குக் கொடுத்தபோதுதான் கதை மாறியது. மேலே மேய்த்தால் மண் சரிந்து தங்கள் அணையே தூர்ந்துவிடும் என்று அவர்களே மாட்டைக் கட்டிப்போட்டார்கள். முள்வேலி ஒன்றும் தேவைப்படவில்லை. சமூக வேலி என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நிலமே இல்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் பங்கு என்று வைத்தது. வேண்டுமானால் அந்தப் பங்கை மற்றவருக்கு விற்றுக்கொள்ளலாம். பங்கு இல்லையென்றால் ஒருவன் ஏன் ஆட்டைக் கட்டிவைக்கப் போகிறான்?

பணக்கார ஊரிலும் இதே கதைதான். நியூயார்க் நகரம் 1990-களில் குடிநீருக்குப் பெரிய வடிகட்டு நிலையம் கட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்தது, பல நூறு கோடி டாலர் செலவு. அதற்குப் பதிலாக 1997-இல், அந்தக் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாடு ஓடையில் இறங்காமல் வேலி, சாணத்தைச் சேமிக்கும் தொட்டி, பழுதான கழிவறைத் தொட்டிகளைச் சரிசெய்வது, எல்லாவற்றுக்கும் நகரம் காசு கொடுக்கும். நிலம் விற்க விரும்புகிறவரிடம் மட்டுமே வாங்கும். அதற்கு முன்பு வரை மேட்டு ஊர்கள் நகரத்தின் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுந்தவை.

ராஜஸ்தானில் அர்வரி ஆற்றில் 70-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து ஆற்றுக்கென்று ஒரு பாராளுமன்றமே வைத்துக்கொண்டன. தருண் பாரத் சங்கம் 1985-இலிருந்து அந்தப் பகுதியில் ஜோஹட் என்ற மண் தடுப்புகளைக் கட்ட ஊராரோடு வேலை செய்தது, அந்த அமைப்பின் ராஜேந்திர சிங்குக்கு 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அடுத்த கட்டம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, இனி யார் எவ்வளவு எடுப்பது? கரும்பு மாதிரி தண்ணீர் குடிக்கும் பயிர் வேண்டாம் என்று அவர்களே விதி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் வராதவரை சண்டை இல்லை. வந்த பிறகுதான் ஆரம்பிக்கும், இப்போதே தயாராக இருங்கள்.

நாணல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பொக்லைன்காரரிடம் பேசிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. பழையதுடுப்பு அண்ணா, நீங்கள் எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டினேன், "வாசல்" என்ற சொல் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

போன வாரம் நல்ல மழை. ஏழு பேர் நனைந்துகொண்டே மேலே நடந்தோம். மழைமானி சொன்ன அந்தக் கோடு நிஜமாகவே தெரிந்தது! முதல் சந்தியில் இடது ஓடை தெளிவு, வலது காவி. வலப்பக்கமே ஏறினோம். மூன்று சந்தி தாண்டி மேலே போனால் ஒரு வண்டிப்பாதை. அதன் குறுக்கே தண்ணீர் போக ஒரே ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள், சரிவில் பரவி வரவேண்டிய தண்ணீர் எல்லாம் பாதையோரமாக ஓடிவந்து அந்த ஒரு குழாயில் புகுந்து, மறுபக்கம் பீய்ச்சி அடிக்கிறது. அடிக்கிற இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம். அங்கிருந்து கீழே 60, 70 மீட்டருக்கு இரண்டு பக்கமும் கரை சரிந்துகொண்டே வருகிறது, நாங்கள் நிற்கும்போதே ஒரு கட்டி மண் தொப்பென்று விழுந்தது. மூன்று வருடமாக நாங்கள் கீழே அள்ளிக்கொண்டிருந்த சேறு அதுதான் போல. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பக்கத்து நிலக்காரர் ஒரு பெரியம்மா. அவர் நிலமும் வருடத்துக்கு ஒரு முழம் அந்தப் பள்ளத்துக்குள் போகிறதாம். "நீங்களாவது ஏதாவது செய்யுங்கள்" என்றார். ஆக, பங்கு விஷயம் இந்த ஒரு இடத்திலாவது தானாகவே பொருந்திவிட்டது. கேள்வி இதுதான்: அந்தப் பள்ளத்தில் ஒரு பெரிய சுவர் கட்டிவிடலாமா?

மண்புழு எழுதியது:

ஒரு பெரிய சுவர் வேண்டவே வேண்டாம். ஆள் உயரச் சுவர் உடைந்தால் ஆள் உயர வெள்ளம் ஒரே நேரத்தில் இறங்கும். முழங்கால் உயரத்தில் நிறையக் கட்டுங்கள்.

முதலில் மேலே உள்ள பாதையைப் பாருங்கள், அதுதான் வேர். ஒரே குழாயில் எல்லாத் தண்ணீரும் சேராமல், பாதையின் குறுக்கே சாய்வாக, வண்டி ஏறி இறங்கும் அளவுக்கு அகலமான மண் மேடுகள் மூன்று நான்கு போட்டால் தண்ணீர் அங்கங்கே பிரிந்து புல்வெளிக்குள் போய்விடும். பாதைக்குப் பொறுப்பான துறையின் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் வந்து சமப்படுத்திவிட்டுப் போவார்கள்.

பிறகு பள்ளம். மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு வாருங்கள், கீழிருந்து தொடங்காதீர்கள். இடைவெளிக்கு ஒரு எளிய விதி: கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் காலுக்கு மட்டமாக இருக்க வேண்டும். பள்ளத்தின் சரிவு நூற்றுக்கு 5, தடுப்பு அரை மீட்டர் உயரம் என்றால் 10 மீட்டருக்கு ஒன்று. உங்கள் 70 மீட்டருக்கு ஏழு வரும். நடுப்பகுதி இரு ஓரத்தையும்விடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஏரிக்குக் கலுங்கு மாதிரி. தண்ணீர் நடுவில் வழியட்டும். ஓரம் தாழ்ந்தால் தண்ணீர் கரையைச் சுற்றிக் குடைந்துகொண்டு போய்விடும், கல் மட்டும் நடுவில் நினைவுச்சின்னமாக நிற்கும். இரண்டு பக்கமும் கரைக்குள் அரை மீட்டராவது வெட்டிப் புதைத்து அடுக்குங்கள். வழிந்து விழும் இடத்தில் அடியிலும் கல் பரப்புங்கள். சிமென்ட் வேண்டாம், தண்ணீர் கசியத்தான் வேண்டும், வண்டல் மட்டும் தங்கினால் போதும். தங்கிய வண்டலில் புல் முளைக்கும், வெட்டிவேர் கிடைத்தால் வரிசையாக நட்டுவிடுங்கள்.

மழைமானி எழுதியது:

அந்த நடுத்தாழ்வு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் தடுப்பைப் பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று மேலே ஒரே மட்டமாக அடுக்கினோம். முதல் மழையிலேயே இடது ஓரத்தில் சுற்றிக்கொண்டு போய் பக்கத்து வேலிக் கம்பத்தையும் சாய்த்துவிட்டது. கம்பத்துக்காரரைச் சமாதானப்படுத்த எடுத்த நேரத்தில் இன்னொரு தடுப்பு கட்டியிருக்கலாம்.

மரக்கன்று நடவேண்டும் என்று சொன்ன நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஆயிரம் என்ற எண்ணை மறந்துவிடச் சொல்லுங்கள். சரிவில் மண்ணை முதலில் பிடிப்பது புல்லும் உதிர்ந்த சருகும்தான், மரம் பிறகு. தப்பான மரம் தப்பான இடத்தில் தண்ணீரைக் கூட்டாது, குறைக்கும். தென்னாப்பிரிக்காவில் 1995-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, தண்ணீருக்காக வேலை என்று பொருள்படும் பெயர், நீர்பிடிப்பு மலைகளில் பரவிய வெளிநாட்டு மரங்களை, யூகலிப்டஸ், வாட்டில், பைன் ஆகியவற்றை, வெட்டி எடுப்பதற்காகவே பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. மரம் வெட்டி ஆற்றைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் நம்மூர்க் கூட்டத்தில் சண்டையே வரும், ஆனால் நடந்தது அதுதான். அதனால் ஏற்கெனவே உங்கள் தெளிவான இடது ஓடையின் கரையில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள், அதே விதையை எடுத்து வலப்பக்கம் போடுங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும் 10 மீட்டர் அகலத்துக்கு உழாமல், மேய்க்காமல் விட்டாலே போதும், பாதி வேலையை அதுவே செய்துகொள்ளும்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சரி, தோற்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஏழு தடுப்புக்குக் கல் சுமக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஞாயிறு மட்டும்தான் முடியும்.

நாணல்கரை எழுதியது:

வாருங்கள் வாருங்கள், கையுறை நாங்கள் தருகிறோம்.

இன்றைய நிலவரம்: பெரியம்மா நிலத்து வழியாகக் கல் கொண்டுபோகச் சம்மதித்துவிட்டார், அவர் கேட்டது ஒன்றே ஒன்று, முதல் தடுப்பு அவர் வரப்புப் பக்கம்தான். மேலிருந்து வந்தாலும் முதலில் அதுதான் வருகிறது, தகராறு இல்லை. பாதைக்கு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. நீள நெளிகுழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது மாதிரி பள்ளத்தின் சரிவை அளந்தோம். நூற்றுக்கு 5 இல்லை, 8 வருகிறது. அப்படியானால் 6 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் பதினொன்று பன்னிரண்டு தடுப்பு, ஏழு இல்லை. மண்புழு, கணக்குச் சரிதானே? அடுத்த ஞாயிறு இரண்டு தடுப்போடு தொடங்குகிறோம். அதற்கு முன் இந்த வாரம் ஒரு நாள் மழை வந்தால் இரண்டு ஓடையிலும் குழாயைப் பிடித்துக் கலங்கல் அளந்து வைத்துவிடுவோம். நேற்று வரைக்கும் இடது ஓடையில் வட்டு அடிவரை தெரிகிறது, வலது ஓடையில் 4 சென்டிமீட்டரிலேயே மறைந்துவிடுகிறது.

இடது ஓடையில் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று வால் இருந்தது.